பதினாலு பெல்ட்

அந்தக் கடிதத்தை நகலெடுக்க என் கடைக்குத்தான் அனுப்பினார்கள். எனக்கு முதலில் ஏறிய கோபம் அதுதான். ஒரகடம் கூட்டுரோட்டில் இன்னொரு ஜெராக்ஸ் கடை அன்றைக்குத் திறந்திருந்தால் அங்கே போயிருக்கும். நானும் ஊரோடு சேர்ந்து 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு என் பாட்டுக்கு இருந்திருப்பேன். கம்பெனி ஜீப் டிரைவர் வண்டியை அணைக்காமலே இறங்கி வந்து தாளை நீட்டி, மூணு காப்பி, சீக்கிரம் என்றான். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், சித்திரை மாதம். வாலாஜாபாத் ரோட்டில் ஓடும் டிப்பர் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதி கண்ணாடிமேல் படிந்திருந்தது. துடைத்துவிட்டுத் தாளைக் கவிழ்க்கும்போது பெயர் கண்ணில் பட்டது. தளவாய். என் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிற தளவாய்.

வாடிக்கையாளர் கடிதத்தைப் படிப்பது என் வழக்கமில்லை. அன்றைக்குப் படித்தேன். 'தளவாய் ஆகிய நான், இம்மாதம் பதினோராம் தேதி வேலை நேரத்தில், எவருடைய தூண்டுதலும் இன்றி, என் பாதுகாப்புப் பெல்டை நானாகவே கழற்றி விளையாட்டுத்தனமாக நடந்துகொண்டதால் தவறி விழுந்தேன். இதற்குக் கம்பெனியோ மேற்பார்வையாளர்களோ பொறுப்பல்ல.' அடியில் கையெழுத்துக்குக் கோடு போடவில்லை, ரேகை வைக்கக் கட்டம் போட்டிருந்தார்கள். தளவாய் எட்டாவது வரை படித்தவன், அழகாகக் கையெழுத்துப் போடுவான். ஆனால் பேனா பிடிக்கிற நிலையில் இப்போது இல்லை என்பது எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குக் கீழே மனைவி செல்லக்கனி. அதற்கும் கீழே சாட்சி, இசக்கிதுரை, உடன் வேலை செய்பவர், மைத்துனர்.

விளையாட்டுத்தனமாக! முப்பத்தைந்து அடி உயரத்தில், கை வைத்தால் கொப்பளிக்கிற வெயிலில், முக்கால் அடி அகல இரும்பின்மேல் நின்றுகொண்டு ஒரு மனுஷன் விளையாடினானாம். எழுதினவனை ஒரு நாள், ஒரே ஒரு நாள் அங்கே ஏற்றி நிறுத்த வேண்டும்.

மூன்று நகல் எடுத்தேன். நான்காவதாக ஒன்று எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டேன்.

தளவாய் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். அவன் பெண்டாட்டி செல்லக்கனி தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் காய் நறுக்கப் போகிறாள். அவள் தம்பி இசக்கிதுரைக்கு இருபத்து மூன்று வயது. அத்தானைப் பிடித்துக்கொண்டு வடக்கே வந்து, அவனோடேயே இரும்பு ஏறும் வேலையில் சேர்ந்தவன். மூன்று பேரும் என் கடைக்குப் பின்னாலிருக்கிற ஆஸ்பெஸ்டாஸ் அறையில் இரண்டு வருஷமாக இருக்கிறார்கள். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. புளிக்குழம்பு வைத்தால் என் மனைவி சுந்தராம்பாளுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும். எங்கள் வீட்டு வறுத்த கருவாடு அந்தப் பக்கம் போகும்.

இப்போது அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காகப் பெரிய தொழிற்சாலைக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. தூண் நிறுத்தி, மேலே உத்திரங்களை இணைத்து, போல்ட் முடுக்கி, தகடு வேய்கிற வேலை. தை மாதம் கேட் பக்கத்தில் ஒரு உயரமான கம்பம் நட்டு, உச்சியில் தேங்காய் மூடியைக் கவிழ்த்தது போல ஒரு கேமரா மாட்டினார்கள். காண்டிராக்ட் எடுத்த கம்பெனியின் சென்னை ஆபீசில் உட்கார்ந்துகொண்டே இங்கே யார் ஹெல்மெட் போட்டிருக்கிறான், யார் போடவில்லை என்று பார்க்கலாமாம். ஆட்களின் பாதுகாப்புக்காகத்தான் என்று கூட்டம் போட்டுச் சொல்லி, ஆளுக்கொரு லட்டும் கொடுத்தார்கள். பொய் சொல்ல மாட்டேன், முதல் வாரம் நல்லதும் நடந்தது. அதுவரை பாதிப் பேர் தலையில் துண்டுதான் கட்டியிருந்தார்கள். கேமரா வந்த மறுநாளே எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட் வந்தது. குடிதண்ணீர் டிரம்முக்கு மூடி வந்தது. போர்மேன் தசரதன் கை ஓங்குவதை நிறுத்தினான்.

பெல்ட் மட்டும் வரவில்லை. இடுப்பிலும் தொடையிலும் மாட்டி, கயிற்றுக் கொக்கியை இரும்பில் கோத்துக்கொள்கிற பெல்ட். மேலே ஏறுகிறவர்கள் இருபத்தெட்டுப் பேர். ஸ்டோரில் இருந்தது பதினாலு. கேட்டால், எழுதியிருக்கிறோம், வரும் என்றார்கள்.

கேமராவோ ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பார்க்காது. கிழக்கு வரிசையை இருபது நிமிஷம், மேற்கு வரிசையை இருபது நிமிஷம் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். தசரதன் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டே நாளில் அதன் கணக்கைப் பிடித்துவிட்டான். கேமரா திரும்பத் தொடங்கினால் விசில் அடிப்பான். அது பார்த்து முடித்த பக்கத்துப் பதினாலு பேரும் பெல்டைக் கழற்றி, நடு உத்திரத்தின் வழியாக அடுத்துப் பார்க்கப் போகிற பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பெல்ட் வந்து சேரும்வரை அந்தப் பக்கத்து ஆட்கள் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிறவனுக்குக் களைப்பாறுவது போலத் தெரியும். கழற்றிக் கொடுத்தவர்கள் பெல்ட் இல்லாமலே வேலையைத் தொடர வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று தடவை. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை. இருக்கிற பதினாலு பெல்டும் கேமராவின் பார்வைக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தன. சென்னையில் பார்க்கிறவனுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லோர் இடுப்பிலும் பெல்ட். அந்தச் சைட்டுக்கு மார்ச் மாதம் பாதுகாப்புப் பரிசு கூடக் கொடுத்தார்கள்.

ஆட்கள் அதற்கு 'சாமி திரும்புது' என்று பெயர் வைத்திருந்தார்கள். சாயங்காலம் என் கடை வாசலில் டீ குடிக்கும்போது தளவாய், விசிலும் கையுமாகத் தசரதன் ஓடுகிற ஓட்டத்தை நடித்துக் காட்டுவான். நானும் சிரித்திருக்கிறேன். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இருபத்தெட்டு உயிர் பதினாலு பெல்டில் தொங்குகிறது என்று என் மரமண்டைக்கு அன்றைக்கு உறைக்கவில்லையே!

பதினோராம் தேதி பகல் பதினொன்றரை மணி. கேமரா மேற்கே திரும்பியது, தசரதன் விசில் அடித்தான், கிழக்கு வரிசையில் இருந்த தளவாய் பெல்டின் கொக்கியை எடுத்துவிட்டுக் கழற்றினான். அந்த நேரம் பார்த்துச் சென்னை ஆபீசில் யாரோ ஒருவர் கணக்குக்குப் புறம்பாகக் கேமராவைக் கையால் இயக்கி மறுபடி கிழக்கே திருப்பிவிட்டார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார், இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்க்கலாம் என்று. தசரதன் பதறிப்போய் மறுபடி விசிலை ஊதி, மாட்டு மாட்டு என்று கீழேயிருந்து கத்தினான். தளவாய் நின்ற நிலையிலேயே அவசர அவசரமாகப் பெல்டுக்குள் ஒரு காலை விட்டான். மறு கால் வாரில் சிக்கியது.

விழுந்தது மணல் குவியலின் ஓரத்தில். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. வலது தோள்பட்டையும் நொறுங்கிவிட்டது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்பெனிதான் சேர்த்தது.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. இசக்கிதுரை எங்களிடம் சொன்னது, தான் அந்த நேரம் கீழே போல்ட் எடுத்துக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்பதுதான். அதற்குமேல் அவன் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. பதினைந்து நாளாக வேலைக்குப் போவான், வருவான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

நான் இழுப்பறையில் வைத்திருந்த நகலைச் செல்லக்கனியிடம் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். 'விளையாட்டுத்தனமாக' என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னாள். கம்பெனியில் தன்னிடம் வேறு மாதிரி சொன்னார்கள் என்றாள். ஒரு ஃபாரத்தில் ரேகை வைக்க வேண்டும், வைத்தால் ஆஸ்பத்திரிச் செலவைத் தொடர்ந்து பார்ப்போம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடுவோம், அப்புறம் உங்கள் பாடு என்றார்களாம். அது செலவுக்கான ஃபாரம் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

"அவுக கழத்துனத கேமரா படம் புடிச்சிருக்காம் அண்ணாச்சி. அத நான் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவளோடு போனேன். கேட்டில் 'பெல்ட் இல்லாமல் உயரத்தில் ஏறாதே' என்று ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் போர்டு. எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. கன்டெய்னர் பெட்டியை ஆபீசாக்கி ஏசி போட்டு வைத்திருந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி ஸ்ரீதர் முப்பது வயதுப் பையன், மரியாதையானவர். எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். காட்ட மாட்டேன் என்று சொல்வார் என நினைத்திருந்தேன். உடனே காட்டினார். படத்தைப் பார்த்தால் அவளே ஒப்புக்கொண்டுவிடுவாள் என்று நம்பினார் போல.

படம் ஒரு நிமிஷம்கூட இல்லை. கேமரா சரேலென்று கிழக்கே திரும்புகிறது. தளவாய் உத்திரத்தின்மேல் கையில் பெல்டோடு நிற்கிறான். ஒரு காலைத் தூக்குகிறான். பிறகு அந்த இடத்தில் ஆள் இல்லை. சத்தமே கிடையாது. ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். செல்லக்கனி மூடவில்லை.

"பாத்தீங்கள்லம்மா. யாரும் அவரைத் தள்ளல, யாரும் கழட்டச் சொல்லல. கேமரா பொய் சொல்லாது" என்றார் ஸ்ரீதர்.

சத்தம் கேட்காதா என்று அவள் கேட்டாள். இதில் சத்தம் பதிவாகாது என்றார். அப்போ விசில் அடித்தது எப்படிக் கேட்கும் என்றாள். கதவருகே நின்ற தசரதன், "இன்னா விசிலு? எவன் அடிச்சான் விசிலு?" என்று உள்ளே பாய்ந்தான். இதற்கு முன்னால் எடுத்ததைக் காட்டச் சொன்னாள். ஸ்ரீதர் தயங்கிக் காட்டினார். மேற்கு வரிசை. ஆட்கள் தூணோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் இடுப்பிலும் பெல்ட் இல்லை.

"அவங்க ரெஸ்ட்ல இருக்காங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோரில் மொத்தம் எத்தனை பெல்ட் சார் இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் செத்துவிட்டது. கேட்டு மூன்று தடவை எழுதியிருக்கிறேன் சார் என்றார், மெதுவாக. மூன்று தடவை எழுதினாராம்! தெரிந்திருக்கிறது. இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எழுதிப் போட்டுவிட்டு ஏசியில் உட்கார்ந்து, பெல்ட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தசரதன்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் எனக்கு அதிகமாக வந்தது. தசரதனாவது கத்துகிறான்.

செல்லக்கனி தளவாயின் படத்தை இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்தத் தடவை அவள் தளவாயைப் பார்க்கவில்லை, திரையின் ஓரத்தைப் பார்த்தாள். முடிந்ததும் எழுந்துகொண்டாள்.

"இது பொய் சொல்லல சார். பாதியில வந்து பாக்குது, அம்புட்டுதான்" என்றாள்.

ரோட்டுக்கு வந்து, ஷேர் ஆட்டோவுக்காக வேலியோரம் நின்றோம். தலைக்கு மேல் வெயில். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, திரையின் ஓரத்தில் ஒரு கை தெரிந்ததே, பார்த்தீர்களா என்று கேட்டாள். தளவாய்க்கு எதிரே, பெல்டை வாங்க நீட்டிய கை. நான் கவனிக்கவில்லை.

"எந்தம்பி கை அண்ணாச்சி. கூடப் பொறந்தவன் கை எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு இசக்கிதுரை வேலை முடிந்து வந்தான். சுந்தராம்பாள் சோறும் கத்திரிக்காய்க் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போயிருந்தாள். நானும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டித் திரும்புவதற்குள் செல்லக்கனி கேட்டுவிட்டாள்.

"ஏலே, அன்னைக்கு நீ எங்க நின்ன?"

"கீழதான்க்கா. சொன்னேன்ல."

"உன் கையப் பாத்தேன். கேமராவுல."

அவன் அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான். முதலில் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குக் குடுக்கத்தான் கழத்துனாக" என்றான். "விசில் அடிச்சதும் நான் நடு உத்திரத்துல போயி நின்னேன். சீக்கிரம் தாங்க அத்தான், போர்மேன் வையுதான்னு நாந்தான் அவசரப்படுத்துனேன். பொறுல, கால எடுத்துக்கிடுதேன்னு சிரிச்சாக. கழத்திக் கையில எடுத்துட்டாக. மறுபடி விசில் அடிச்சான். மாட்டுங்க மாட்டுங்கன்னு நானும் சேந்து கத்துனேன். நான் கத்தாம இருந்திருந்தா பைய மாட்டியிருப்பாக."

"இத ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"வாயத் தொறந்தா இருபத்தெட்டுப் பேத்தையும் ஊருக்கு அனுப்பிருவேன்னு தசரதன் சொல்லிட்டான். எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு. சாட்சிக் கையெழுத்துப் போட்டா எனக்குக் கேமரா ரூம்லயே நெரந்தர வேல தாரேன்னு சொல்லுதான். இனிமே மேல ஏற வேண்டாங்கான்."

"போடப் போறியா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். போடத்தான் போகிறான் என்று எனக்குப் பட்டது. செல்லக்கனிக்கும் பட்டிருக்க வேண்டும். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லா கேட்டுக்க. நீ கத்துனதுக்கு உன்ன நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். விசில் அடிச்சா கத்தத்தான் செய்வ. அவுக எந்திரிச்சு நடக்கமாட்டாகன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டாரு. அதையும் தாங்கிக்கிடுவேன். ஆனா அவுக விளையாடி விழுந்தாகன்னு எழுதுன தாள்ல அவுகள நான் ரேக வைக்க விடமாட்டேன். வெள்ளிக்கெழம வெளிய தள்ளுனா தள்ளட்டும், பெரியாஸ்பத்திரி வராந்தாவுல போட்டு நான் பாத்துக்கிடுதேன். நீ கையெழுத்துப் போடணும்னா போடு. போட்டுட்டு அந்தக் கையோட என் முன்னால வந்து நிக்காத."

அப்போதுதான் அவன் அழுதான். முழங்காலுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, சத்தமில்லாமல், முதுகு மட்டும் குலுங்க அழுதான். செல்லக்கனி அவனைத் தொடவில்லை. சுந்தராம்பாளுக்குத்தான் தாங்கவில்லை. அவளுக்கு இரக்கம் வந்தால் அது திட்டாகத்தான் வெளியே வரும். தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"அய்து அய்து இன்னாடா ஆவப் போது? மொதல்ல துன்னு. பதினஞ்சு நாளா பட்னி கெடந்து நாளைக்கு நீயும் மேலேந்து வுயுந்து வெச்சின்னா உங்கக்கா யாருக்குன்னு கஞ்சி தூக்குவா? கேட்டாண்ட அம்மாம் பெரிய போர்டு மாட்டிகீறானே, பெல்ட்டு இல்லாம ஏறாதன்னு. ஏறாதயேன். எவன் உன்ன கேக்கப் போறான்? அவன் எய்தினத அவனே இல்லன்னுவானா?"

அவள் ஏதோ ஆத்திரத்தில் சொன்னதுதான். இசக்கிதுரை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு தட்டை இழுத்துக்கொண்டான். பதினைந்து நாள் பட்டினியும் சேர்த்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவினதும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினான். எங்கே என்று கேட்டேன். மற்றவர்கள் தங்கியிருக்கிற ஷெட்டுக்கு என்றான்.

மறுநாள் வியாழக்கிழமை. எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. எட்டு மணிக்கே சைட் வேலியோரம் போய் நின்றுகொண்டேன். ஸ்டோரில் பெல்ட் கொடுத்தார்கள். பதினாலு பேர் வாங்கி மாட்டிக்கொண்டு மேற்கு வரிசையில் ஏறினார்கள், கொக்கியைக் கோத்தார்கள், போல்ட் முடுக்கத் தொடங்கினார்கள். தளவாய் இடத்தில் சேர்த்த புது ஆளோடு மற்ற பதினாலு பேரும் கிழக்கு வரிசைக்குக் கீழே, தரையில், ஹெல்மெட்டும் தலையுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். தசரதன் முதலில் புரியாமல், டீ குடித்தது போதும், ஏறுங்கடா என்றான். யாரும் எழுந்திருக்கவில்லை.

எட்டு இருபதுக்குக் கேமரா கிழக்கே திரும்பியது. தசரதன் விசில் அடித்தான். மேலே ஒருத்தனும் பெல்டைக் கழற்றவில்லை. மறுபடி அடித்தான். அவனவன் தன் போல்டை முடுக்கிக்கொண்டிருந்தான். தசரதன் கீழே உட்கார்ந்திருந்தவர்களிடம் ஓடினான். அம்மா, அக்கா எல்லோரையும் இழுத்துத் திட்டினான். ஒரு தோளைப் பிடித்துத் தூக்கினான். தூக்கப்பட்டவன் கையை எடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டான். பெல்ட் கொடுங்க, ஏறுதோம் என்பதைத் தவிர யாரும் வேறு பேசவில்லை. திட்டினால்கூட பெல்ட் கொடுங்க. கெஞ்சினால்கூட பெல்ட் கொடுங்க.

வழக்கமாக இருபது நிமிஷத்தில் திரும்பிவிடுகிற கேமரா அன்றைக்குத் திரும்பவில்லை. ஆளில்லாத கிழக்கு உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் குனிந்து தரையைப் பார்த்தது. பதினாலு மஞ்சள் ஹெல்மெட்டும் அண்ணாந்து அதைப் பார்த்தன. ஐந்து நிமிஷத்தில் ஸ்ரீதர் காதில் செல்போனை வைத்துக்கொண்டு கன்டெய்னரிலிருந்து ஓடி வந்தார். எஸ் சார், எஸ் சார் என்றார். ஒரு சின்னப் பிரச்னை சார் என்றார்.

இசக்கிதுரை எழுந்து அவர் முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"போனக் குடுங்க சார். நான் சொல்லுதேன்."

தசரதன் குறுக்கே வந்தான். ஸ்ரீதர் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தார், இசக்கிதுரையைப் பார்த்தார். கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது.

அவன் பேசியது வேலிவரைக்கும் கேட்டது. பழக்கமில்லாதவர்கள் போனில் கத்துவார்களே, அப்படிக் கத்திப் பேசினான்.

"சார், எம்பேரு இசக்கிதுரை. நாங்க வேலைய நிறுத்தல சார். ஏறுறதுக்கு இருவத்தெட்டுப் பேரு இருக்கோம், பெல்ட் பதினாலுதான் இருக்கு. நீங்க எந்தப் பக்கம் பாக்கியளோ அந்தப் பக்கம் பெல்ட்ட மாத்தி மாத்திப் போட்டோம். விசில் அடிப்பாக, மாத்துவோம். மூணு மாசமா இப்படித்தான். எங்கத்தான் தளவாய் விளையாடல சார். எனக்குக் குடுக்கத்தான் கழத்துனாக. வாங்க நீட்டுனது என் கைதான். உங்க படத்துல ஓரத்துல தெரியுது, பாருங்க."

சொல்லிவிட்டுப் போனை ஸ்ரீதர் கையில் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தைப் பிறகு யாரும் செல்லக்கனியிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் வெளியே தள்ளவும் இல்லை. தசரதன் வேறு சைட்டுக்கு மாற்றப்பட்டான், அங்கேயும் போர்மேன்தான். இசக்கிதுரைக்குப் பத்தாம் நாள் கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்டால் ஆட்குறைப்பு என்றார்கள். அப்போது இன்னும் இருபது பேரை எடுத்துக்கொண்டிருந்தார்கள்! இழப்பீட்டு வழக்கு தொழிலாளர் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. தளவாய் எழுந்து நடக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் இசக்கிதுரையும் நானும் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்வையாளர் நேரம். தளவாய் மல்லாந்து கிடந்தான். செல்லக்கனி ஈரத் துணியால் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது தெரியாது, ஆனாலும் விரல் விரலாகத் துடைத்தாள். இசக்கிதுரை கட்டிலின் அந்தப் பக்கம் போய் நின்று, காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். போனில் பேசியதைச் சொல்லும்போது அத்தானின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். தளவாய் இடது கையை நகர்த்தி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வேன் நிறையப் பெல்ட் வந்து இறங்கியது என்றான் இசக்கிதுரை. நாற்பது. எல்லாம் புதுசு, பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. இறங்கின கையோடு எல்லோருக்கும் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பினார்கள்.

செல்லக்கனி துடைப்பதை நிறுத்தினாள்.

"எங்கருந்து வந்துச்சு?"

"பாரிமுனையில கடையிலருந்துக்கா. போன் பேசுனதும் வேன் போச்சு."

"எத்தன மணிக்குத் திரும்பி வந்துச்சு?"

"மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்க முன்னாடியே வந்துட்டு."

அவள் அந்தத் துணியைக் கட்டில் கம்பியில் போட்டாள். பிறகு தம்பியைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை, தளவாயைப் பார்த்துக் கேட்டாள்.

"இம்புட்டுப் பக்கத்துலயா இருந்துச்சு?"